படிக்காதவர் தீர்ப்பும் படித்தவர் மௌனமும்

ஏடுகளில் இராஜசிங்கமங்கலம் என்றும் பேருந்துப் பலகையில் ஆர்.எஸ்.மங்கலம் என்றும் எழுதப்படுகிற நம் ஊரில், மிளகாய் வற்றல் மூட்டை வந்து இறங்கினால், வாங்க வந்தவர் முதலில் சாக்குக்குள் கையை விடுவார். மேலே கிடப்பதைத் தொடமாட்டார். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். நிறம் பார்ப்பார், காம்பு பார்ப்பார், ஒன்றை உடைத்து விதையைப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்ப்பார். அதன் பிறகே விலை. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கே இந்த நிலைதான். பெயர் பெரிதாயிற்றே என்று எவரும் மூட்டையைக் கட்டியபடி விலை பேசுவதில்லை. வெளியூர்ச் சரக்காயிற்றே என்று எவரும் பார்க்காமலே தள்ளிவிடுவதும் இல்லை.

நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று நாட்டார் பெருமை பேசும் நம் பெரிய கண்மாயின் செய்தியும் இதுவே. மடை திறப்பது பற்றிப் பேச்சு எழுந்தால், கரைமேல் ஏறி நீர்மட்டத்தைக் கண்ணால் கண்டு வந்தவர் சொல்லுக்கே மதிப்பு. திண்ணையில் அமர்ந்தபடியே கண்மாய் நிரம்பிவிட்டது என்று ஒருவர் சொன்னால், சுற்றி இருப்பவர் சிரிப்பார்கள்.

இத்துணை விழிப்புடைய நம் மக்கள், நாவல் என்று வந்துவிட்டால் மட்டும் மூட்டையை அவிழ்க்காமலே விலை சொல்லிவிடுகிறார்கள். அவிழ்த்துப் பார்த்தவரைக் குற்றவாளிக் கூண்டிலும் நிறுத்திவிடுகிறார்கள். இந்த வழக்கத்தின் மீது நமக்குச் சினம் உண்டு. அச்சினத்தை மறைத்துக்கொண்டு இனிக்க இனிக்க எழுத நாம் விரும்பவில்லை.

2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் ஊரில் ஒரு திருமண வீடு. நிக்காஹ் முடிந்து, விருந்தும் முடிந்து, பந்தலின் கீழ் ஆண்கள் பாய்களில் சாய்ந்திருந்த வேளை. பேச்சு நெல் விலையில் தொடங்கி, மலேசியா வரை சென்று திரும்பி, அரசியலில் வந்து நின்றது. கவிஞர் சல்மா அவ்வாண்டில் மாநிலங்களவை உறுப்பினரான செய்தியை ஒருவர் எடுத்தார். அவ்வளவுதான், 2004-இல் வெளிவந்த அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் பந்தலுக்குள் இழுத்து வரப்பட்டது. ஊர் மதிக்கும் பெரியவர் ஒருவர், "நம்ம வீட்டுப் பெண்டுகளை அதபுப் பிரம்பு வச்சு அடிக்கிறதா எழுதியிருக்காங்களே, இது சமுதாயத்துக்குச் செய்யிற துரோகம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல அங்கே எவரும் இருக்கவில்லை. நாமும் வாய் திறக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். தலைகள் அசைந்தன. ஒருவர் தடைசெய்ய வேண்டும் என்றார். இன்னொருவர் எழுதியவரைப் பற்றியே ஏதோ சொன்னார்.

அப்போது வாசற்படித் திரைக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அந்தப் பிரம்பு அதுலே வராது பெரியத்தா. அது சாய்வு நாற்காலியிலே உள்ளது. எழுதினது தோப்பில் மீரான்."

உண்மை அதுதான். சவ்தா மன்ஸில் என்னும் பழம்பெருமை பேசும் வீட்டில், சாய்வு நாற்காலியை விட்டு எழாத முஸ்தபாக்கண்ணு, வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று வயிறு வளர்க்கும் கதை அது. அதபுப் பிரம்பு அந்த வீட்டுச் சொத்து. 1997-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது பெற்ற அந்நாவலை நம் சமுதாய மேடைகளில் பலமுறை பாராட்டியிருக்கிறோம். ஆண் எழுதியபோது விருதுக்குரியதாக இருந்த பிரம்பு, பெண் எழுதியதாகக் கருதப்பட்டபோது துரோகமாயிற்று என்பதைப் பந்தலில் இருந்த எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்டார்: "இதெல்லாம் நீ எதுக்கும்மா படிக்கிறே?"

அவர் படிக்காமல் ஏன் பேசினார் என்று கேட்பாரில்லை. அவள் ஏன் படித்தாள் என்பதே கேள்வியாயிற்று. அப்பெண்ணின் பெயரிலிருந்த நூலக அட்டை சில நாட்களில் அவளுடைய அண்ணனின் அலமாரிக்குப் போய்விட்டது என்று பின்னர் அறிந்தோம். அண்ணன் கொடியவர் அல்லர். தங்கையின் பெயர் நாலு பேர் வாயில் விழுந்துவிட்டதே என்ற பதற்றம் அவருக்கு. சபையில் ஒரு தகவற்பிழையைத் திருத்தியவளுக்கு இது தண்டனை. நாவல்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் கருத்துப் பரிமாற்றத்தின் இலட்சணம் இதுதான் என்று நாம் சொன்னால், மிகை என்று எவரேனும் மறுக்கட்டும்.

நம் வீடுகளில் நாவல் படிப்பவர் யார்? ஆண்மக்களில் பெரும்பாலோர் சவூதியிலும் துபாயிலும் மலேசியாவிலும் உழைக்கிறார்கள். ஊரில் இருப்பவர்க்குக் கடையும் வயலும் இருக்கின்றன. லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட பொழுதில், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன், புத்தகத்தைப் பிரிப்பவர்கள் பெண்கள். அவர்கள் படிப்பதோடு நிற்பதில்லை. அடுப்படியிலும் கொல்லையிலும், சிறு பெண்ணுக்கு மருதோன்றி வைத்துக்கொண்டிருக்கும்போதும், படித்ததைப் பேசுகிறார்கள். அப்பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது எத்துணைக் கூர்மையானது என்று. 'சாய்வு நாற்காலி'யைப் படித்த ஒரு மூதாட்டி, "பாத்திரம் பண்டத்தை எல்லாம் வித்தவனுக்கு அந்த நாற்காலியை முதல்லே விக்கத் தோணலை பாரு, அங்கேதான் இருக்கு கதை" என்றார். பத்துப் பக்கத் திறனாய்வுக் கட்டுரை சொல்ல முயல்வதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் ஆண்களின் உள்மனம் போதிய அளவு காட்டப்படவில்லை என்று நாம் ஒரு வீட்டில் குறை சொன்னபோது, அவ்வீட்டு மருமகள் சிரித்துக்கொண்டே, "நம்ம வீட்டு ஆம்பளைங்க உள்மனசு எங்களுக்கு மட்டும் காட்டப்படுதாக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அக்குறையை நாம் இன்னும் முற்றிலும் கைவிடவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது குரல் முன்போல உரத்து வருவதில்லை.

ஆக, படித்தவர் திரைக்கு உட்புறம், பேசுபவர் வெளிப்புறம். நாவல் பற்றிய ஊர்க் கருத்து எப்போதும் வெளிப்புறத்திலிருந்தே எழுகிறது.

இதற்குக் காட்டப்படும் காரணங்களில் முதலாவது, கதை என்பதே பொய், பொய் நம் மார்க்கத்துக்கு ஆகாது என்பது. இதைச் சொல்பவர்கள் நம் பாட்டிமாரை மறந்துவிட்டார்கள். வண்ணப் பரிமளப் புலவர் 'ஆயிர மசலா'வைப் பாடியது 1572-இல். கிடைத்துள்ள இசுலாமியத் தமிழ் இலக்கியங்களில் முழுமையான பழைய நூல் என்று அறிஞர் போற்றும் அது, கேள்வியும் விடையுமாகக் கதை சொல்லுவது. 'நூறு மசலா'விலோ ஓர் இளவரசி கேள்வி கேட்கிறாள். விடை சொல்ல முடிந்தவனே அவளுக்கு மணவாளன். ஒரு பெண் நூறு கேள்வி கேட்பதை நம் முன்னோர் இரவிரவாகப் பாடக் கேட்டு மகிழ்ந்தார்கள். கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் எத்தனை! திருமறையிலேயே யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு ஓர் அத்தியாயம் முழுதும் தொடர்கதைபோல் நடக்கிறது. சகோதரப் பொறாமை, கிணறு, அடிமைச் சந்தை, ஆசை கொண்ட பெண், சிறை, பஞ்சம், தகப்பனின் கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. திருமறை வரலாறு உண்மை, நாவல் கற்பனை என்று உடனே மறுமொழி வரும். அவ்வேற்றுமையை நாமும் அறிவோம். இரண்டையும் ஒன்றென்று சொல்ல நாம் துணியவில்லை. மனித உள்ளத்தின் அழுக்கையும் ஆசையையும் கதையின் வழியே காட்டுவது மார்க்கத்துக்கு அந்நியம் என்று சொல்லாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

கற்பனைக் கதை என்றே எடுத்துக்கொண்டாலும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் இப்னு துபைல் 'ஹய் இப்னு யக்ழான்' எழுதினார். மனிதர் எவருமில்லாத தீவில் வளர்ந்த ஒருவன் தன் அறிவாலேயே இறைவனை உணர்வதாகக் கற்பனை செய்த அந்நூல் 1671-இல் இலத்தீனுக்கும் 1708-இல் நேரே அரபியிலிருந்து ஆங்கிலத்துக்கும் சென்று ஐரோப்பியரை வியக்க வைத்தது. அவர்கள் வியந்ததை நாம் ஐயுறுகிறோம்.

கீழக்கரைக்காரர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காப்பியமாகப் பாட முனைந்த உமறுப்புலவர், மூலச் செய்திகளைப் பெறுவதற்காக சதக்கத்துல்லா அப்பா அவர்களிடம் சென்றார். புலவரின் உடையையும் தோற்றத்தையும் கண்ட அப்பா அவர்கள், இவருக்கா இப்பணி என்று முதலில் மறுத்துவிட்டார்களாம். பின்னர் கனவின் வாயிலாக உண்மை உணர்ந்து உதவினார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. இதை வரலாறாகக் கொள்வதா, மரபாகக் கொள்வதா என்பது அவரவர் விருப்பம். நமக்கு இதில் படுவது வேறொன்று. அத்துணைப் பெரிய மகானும் முதற்பார்வையில் மேலட்டையைக் கண்டு தீர்ப்புச் சொல்லிவிடக்கூடும் என்பதையும், அத்தீர்ப்பை மாற்றிக்கொள்வது பெருமைக்கு இழுக்காகாது என்பதையும் நம் முன்னோர் இக்கதையில் பொதிந்து வைத்தார்கள். அவர்கள் மனம் மாறியிராவிட்டால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களால் ஆன சீறாப்புராணம் நமக்குக் கிடைத்திராது. நம் பந்தலில் இருந்த பெரியவருக்கு அக்கனவு இன்னும் வரவில்லை.

நாவல் என்னும் வடிவமும் நம்மவர்க்குப் புதிதன்று. உருது மொழியின் முதல் நாவல் என்று போற்றப்படும் 'மிராத்துல் உரூஸ்' 1869-இல் வெளிவந்தது. அதை எழுதிய நசீர் அகமது, தம் பெண்மக்கள் படிக்கத் தக்க புத்தகம் இல்லையே என்ற கவலையால் எழுதத் தொடங்கியவர். மகள் நாவல் படித்துவிட்டாளே என்று கவலைப்படுகிற தகப்பன்மார், மகளுக்குப் படிக்க நாவல் இல்லையே என்று கவலைப்பட்ட தகப்பனையும் சிறிது நினைக்க வேண்டும். தமிழில் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வந்தது. ஆறே ஆண்டுகளில், 1885-இல், கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 'அசன்பே சரித்திரம்' எழுதிவிட்டார். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882-இல் தொடங்கிய அதே சித்திலெப்பைதான். சமுதாயத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் போராடியவர். அவருக்கு நாவல் பொழுதுபோக்காகத் தோன்றவில்லை. 1938-இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டபோது, உ.வே.சாமிநாதையரே பாராட்டி எழுதினார். தமிழ்த் தாத்தா படித்துவிட்டுப் பாராட்டினார் என்பதை அடிக்கோடிட வேண்டும். நம்மில் எத்தனை பேர் அந்நாவலின் பெயரையாவது கேள்விப்பட்டிருக்கிறோம்?

இரண்டாவது காரணம், நம்மைப் பிறர் முன் காட்டிக்கொடுக்கிறது என்பது. இதை எளிதில் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. 1992-க்குப் பிறகும், கோவையில் 1998-இல் குண்டுகள் வெடித்த பிறகும், நம் பெயரைக் கேட்டவுடன் வாடகைக்கு வீடு இல்லை என்று சொன்ன நகரங்களில் நம் பிள்ளைகள் படித்தார்கள், வேலை தேடினார்கள். திரைப்படங்கள் நம்மை எப்படிக் காட்டின என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாறு அடிபட்ட சமுதாயம், தன் வீட்டுக் குறையைத் தன் பிள்ளையே ஊரறிய எழுதும்போது நடுங்குவது இயற்கை. வெளியிலிருந்து படிக்கிற நண்பர்கள் சிலர் அந்நடுக்கத்துக்கு எண்ணெய் வார்க்கவும் செய்கிறார்கள். நம் எழுத்தாளர் ஒருவர் நாவல் எழுதினால் அதை நாவலாகப் படிப்பதில்லை. மூடிய வீட்டின் சாவித் துவாரமாகப் படிக்கிறார்கள். மதிப்புரைகளில் திரை விலகியது, இருட்டுக்குள் வெளிச்சம் என்ற சொற்கள் தவறாமல் வரும். கொங்கு நாட்டு நாவலைப் படிக்கையில் அவர்கள் நடையைப் பேசுவார்கள். நம் நாவலைப் படிக்கையில் நம் பெண்களைக் குறித்து இரக்கப்படுவார்கள். அந்த இரக்கம் நமக்கு வேண்டியதில்லை.

எனினும், அவர்கள் தவறாகப் படிக்கிறார்கள் என்பதற்காக நாம் படிக்காமலே இருப்பது எவ்வகை மறுமொழி? நம் நாவலைச் சரியாகப் படித்துக் காட்டும் கடமை நம்முடையது. மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எடுத்துக்கொள்வோம். அது வானத்திலிருந்து விழவில்லை. 'முஸ்லிம் முரசு' என்னும் நம் சமுதாய இதழில் தொடராக வந்து, 1988-இல் நூலாயிற்று. ஊரையே தன் காலடியில் வைத்திருக்கும் வடக்கு வீட்டு முதலாளி, ஊருக்கு வரும் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தை எதிர்க்கிறார். மந்திரமும் ஓதலுமாக ஊரை மயக்கும் தங்கள் ஒருவர் வருகிறார். இவர்களுக்கு எதிரே வளைந்து கொடுக்காத ஏழை வியாபாரி ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். முதலாளியும் முஸ்லிம், எதிர்த்து நின்றவரும் முஸ்லிம். இதைப் படித்துவிட்டுச் சமுதாயத்தை இழிவுபடுத்திவிட்டார் என்பவர், சமுதாயம் என்ற சொல்லால் முதலாளியை மட்டுமே குறிக்கிறார். சுறாப்பீலி விற்றுப் பிழைத்த மகமூதுவைச் சமுதாயக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை. கீரனூர் ஜாகிர்ராஜாவின் 'மீன்காரத்தெரு'வுக்கும் இதே கதி. ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு, பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும் தெருப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லையா? இல்லை என்று சத்தியம் செய்யத் துணிந்தவர் அந்நாவலைக் கண்டிக்கட்டும்.

மீரானைப் பற்றி ஒரு சிறு செய்தி. 2019-இல் மறைந்த அவர், மலையாளத்தில் கல்வி கற்றவர். பிழைப்புக்கு மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். நம் ஊர்ச் சரக்கின் காரம் அவருக்குத் தெரிந்திருக்கும். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் விலை சொல்வோரைப் பற்றி அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் சில சமயம் நினைத்துக்கொள்வதுண்டு.

மூன்றாவதாக, ஆபாசம் என்பார்கள். சல்மாவின் நாவலில் உடலைப் பற்றியும் இச்சையைப் பற்றியும் பேசும் பக்கங்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கத்தக்க நூல் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வயது வந்த, பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதில் மறைக்க என்ன இருக்கிறது? ஹைளு, நிபாஸ், குளிப்புக் கடமை, தலாக், இத்தா என்று உடல் சார்ந்த அத்தனையையும் மதரஸாவில் கிதாபு வைத்து ஓதிக்கொடுக்கிற சமுதாயம் நம்முடையது. மார்க்கத்தை அறிவதில் வெட்கம் கூடாது என்பதை நமக்குக் கற்பித்தவர்கள் நம் உலமாப் பெருமக்களே. அதே உடலின் துன்பத்தை ஒரு பெண் கதையாகச் சொல்லும்போது மட்டும் வெட்கம் எங்கிருந்து வந்துவிடுகிறது? துவரங்குறிச்சியில் பருவம் எய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருந்தவர் அவர். அந்த வீட்டுக்குள்ளிருந்தே கவிதையும் கதையும் எழுதினார். சொந்தப் பெயரில் எழுத முடியாமல் சல்மா என்ற பெயரைச் சூடிக்கொண்டார். அந்நாவலில் பாத்திரங்கள் மிகுதி. முதல் நூறு பக்கங்களில் யார் யாருக்கு என்ன உறவு என்று நாம் தாளில் எழுதி வைத்துக்கொண்டே படித்தோம். கதை பல இடங்களில் தேங்கியும் நிற்கிறது. இவை படித்தவர் சொல்லும் குறைகள். சிறுமி ராபியாவின் கண்வழியே விரியும் பக்கங்களில் நாம் நம் தங்கைகளைக் கண்டோம் என்பதும் படித்தவர் சொல்லும் சொல்லே. இவ்விரண்டு வகையில் ஒன்றைக்கூட அந்தத் திருமணப் பந்தலில் நாம் கேட்கவில்லை.

நம்மவரை மட்டும் சாடுவது முறையாகாது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் அமைதியாகவே இருந்தது. 2014-இன் இறுதியில் திருச்செங்கோட்டில் சில பக்கங்கள் மட்டும் படியெடுத்துப் பரப்பப்பட்டன. அப்பக்கங்களைக் கொண்டே ஊர் கொதித்தது. எழுத்தாளர் இனி எழுதுவதில்லை என்று அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் நாவலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. முழு நூலையும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னவர்கள் நீதிபதிகள். ஊரார் பார்த்ததோ பிய்த்தெடுத்த பக்கங்களை. கேரளத்தில் பஷீரின் 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' நாவலைப் பாடமாக்கியபோது எழுந்த எதிர்ப்பும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இன்று அந்நாவலை நெஞ்சில் வைத்துப் போற்றாத மலையாள முஸ்லிம் வீடு எது? இக்காலத்தில் பக்கங்களைப் படியெடுக்கவும் தேவையில்லை. யாரோ அனுப்பிய நான்கு வரி ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. பெறுபவர் அதை நாவல் என்றே எண்ணிக்கொள்கிறார். அதபுப் பிரம்பு ஒரு நாவலிலிருந்து இன்னொரு நாவலுக்கு இடம் மாறிய விந்தையும் இப்படித்தான் நிகழ்ந்திருக்க வேண்டும்.

நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. நாவலைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு, கடுமையாகவும் சொல்லலாம். சொல்பவர் எந்தப் பக்கத்தில், எந்தப் பாத்திரத்தின் வாயில், எந்தச் சூழலில் அது வருகிறது என்று கூடவே சொல்லட்டும். சொல்ல இயலாதவர், "கேள்விப்பட்டேன்" என்று தொடங்கட்டும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் எதையும் ஏற்காத மரபு நம்முடையது. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் எத்தகையது என்று துருவித் துருவிக் கேட்டவர்கள் நம் இமாம்கள். அம்மரபில் வந்த நாம், ஒரு மனிதரின் நற்பெயரைக் குலைக்கும் செய்தியை மட்டும் வந்த வழி கேளாமல் மேலே அனுப்பிவிடுகிறோமே!

கருத்துச் சொல்லும் இடம் திரையின் இரண்டு புறத்திலும் இருக்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கை. திருமண வீட்டிலும் பெருநாள் விருந்திலும் நாவலைப் பற்றிப் பேச்சு வந்தால், உள்ளே படித்தவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு மறுத்துப் பேசுங்கள், தடையில்லை. அவரை மறுக்க வேண்டுமானால் நீங்களும் படித்தாக வேண்டும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சித்தான் அவர் வாயை அடைக்கிறோமோ என்ற ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு.

தேங்காய்ப்பட்டணத்துக்கு ஒரு மீரான் வாய்த்தார். துவரங்குறிச்சிக்கு ஒரு சல்மா. கீரனூருக்கு ஒரு ஜாகிர்ராஜா. தேவிபட்டினம் தொடங்கித் தொண்டி வரையிலான நம் கரைக்கும், உள்ளே மிளகாய்க் காடும் கண்மாயுமாகக் கிடக்கும் நம் ஊர்களுக்கும் சொல்லித் தீராத கதைகள் இருக்கின்றன. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சபர் போனவர்கள், போய்த் திரும்பாதவர்கள், திரும்பாதவருக்காக ஆண்டுக்கணக்கில் வாசல் பார்த்திருந்தவர்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த தாய்மார்கள். இவற்றை எழுத வேண்டியவர் ஒருவேளை இப்போது நம் ஊர்த் தெரு ஒன்றில் எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமியாக இருக்கலாம். அன்றைக்குத் திரைக்குப் பின்னே பெரியவர்கள் மத்தியில் அவளும் உட்கார்ந்திருந்திருக்கலாம். பதில் சொன்ன பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அவள் அறிந்திருப்பாள்.

அந்த அட்டை இன்னும் அண்ணனின் அலமாரியில்தான் இருக்கிறது. மீரானின் 'துறைமுகம்' நாவலில் நாற்பது பக்கம் மீதம் இருக்கையில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று என்று அப்பெண் தன் தோழி ஒருத்தியிடம் சொன்னாளாம். புத்தகம் நூலக அடுக்கில் இருக்கிறது. நாம் போய்ப் பார்த்துவிட்டே எழுதுகிறோம். அண்ணன் அதை எடுத்து வரட்டும். மீதமுள்ள நாற்பது பக்கத்தையும் அவள் முடித்த பிறகு, முதற்பக்கத்திலிருந்து அவரும் படிக்கத் தொடங்கட்டும்.